கொக்கு ஏன் வேட்டியாகிறது? – கேமரா கேள்வி பதில்

ஜனவரியில் வேடந்தாங்கல் போய் முந்நூறு படம் எடுத்தேன் சார். கொக்கெல்லாம் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது, ஒரு இறகுகூடத் தெரியவில்லை. என்னிடம் 70-300 லென்ஸ்தான் இருக்கிறது. பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், தாம்பரம்

ஆகாது. அதே வேட்டி இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

கேமராவுக்கு அது கொக்கு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தத்தையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். வேடந்தாங்கலில் கொக்குக்குப் பின்னால் பெரும்பாலும் ஏரிக்குள் நிற்கும் மரங்களின் நிழல் இருக்கும், அதாவது ஃப்ரேமில் முக்கால்வாசி இருட்டு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று கேமரா எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறது. நிழலில் இலை தெரிகிறது, கொக்கு வெந்துபோகிறது. அதனால் பிளஸ்-மைனஸ் குறி போட்ட பொத்தான் இருக்கிறதே, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதில் மைனஸ் 1 வைத்துப் பாருங்கள். ஆனால் இதையே மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அதே கொக்கு வெளுத்த வானத்துக்கு முன்னால் பறந்தால் கணக்கு தலைகீழ்: கேமரா வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் இறக்கிவிடும், கொக்கு அழுக்குச் சாம்பலாக வரும், அங்கே பிளஸ் பக்கம் போக வேண்டும். நீர்க்காகம் அந்த வானத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் கரிக்கட்டைதான், அதற்கும் பிளஸ். பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காமல் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறேன்.

எரிந்துபோன வெள்ளையைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது; கொஞ்சம் இருண்டதைத் தூக்கிவிடலாம், ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இன்னும் சுலபம். எரிந்த இடம் மினுக்கிக் காட்டும் வசதி கேமராவில் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் போன நேரத்தை எழுதவில்லை. வழியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்குப் போயிருப்பீர்கள் என்பது என் ஊகம் (நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன்). அந்த நேரத்து வெயில் மேலிருந்து விழும். முதுகு எரியும், வயிறு கறுக்கும், கண் குழிக்குள் போய்விடும். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி இல்லையென்றால் எவ்வளவு கூர்மையான படமும் பாடம் பண்ணி வைத்த பறவை மாதிரிதான் இருக்கும். காலையில் வாசல் திறந்ததும் போங்கள், உங்கள் நிழல் பறவையை நோக்கி விழும்படி நில்லுங்கள். பழகியபின் இதையும் மீறலாம். சூரியனுக்கு எதிராக நின்று, மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரிக்கும்போது வெளிச்சம் இறகுக்குள் புகுந்து வருவதை ஒருமுறை எடுத்தால் அப்புறம் விட மாட்டீர்கள்.

எல்லா விலங்கும் ஃப்ரேமின் நட்டநடுவிலேயே வந்து உட்காருகிறது. ஃப்ரேமை மூன்றாகப் பிரித்து அந்தக் கோட்டின்மேல் விலங்கை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றினால் போதுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

விலங்கு வந்து உட்காரவில்லை, உங்கள் ஃபோகஸ் புள்ளி நடுவில் இருக்கிறது. அதைக் கண் வரும் இடத்துக்கு நகர்த்துங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். நேராக உங்களையே பார்த்தால் நடுவிலேயே இருக்கட்டும், ஒன்றும் குடி முழுகாது.

அந்த விதியைவிடப் பின்னணிக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கோடியக்கரையிலேயே நான் வாங்கிய அடி இது. வெளிமான்கள் புல்வெளியில் நின்றன, நான் ஜீப்பில் எழுந்து நின்று ஆசை தீர எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் புல்வெளி முடியும் கோடு எல்லாப் படத்திலும் சரியாகக் கழுத்து வழியாகப் போகிறது, கத்தி வைத்த மாதிரி. மறுமுறை வண்டிக்குள்ளேயே குனிந்து, ஜன்னலின் கீழ் விளிம்பில் மணல் பையை வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தேன். இரண்டடி இறங்கியதற்கே கோடு மானின் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது, முறுக்குக் கொம்பு வானத்தில் தனியாக நின்றது. ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. உச்சி வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது, அதனால் அதுவும் காலை அல்லது மாலை வேலைதான்.

லென்ஸ் எட்டவில்லையா? விலங்கு சிறிதாகவே இருக்கட்டும், சுற்றியிருக்கும் இடத்தைச் சேர்த்து எடுங்கள். மா. கிருஷ்ணன் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். நிறம் வந்து காப்பாற்றும் என்ற பேச்சே கிடையாது, ஒளியும் வடிவமும்தான். உங்கள் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், விலங்கு பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

முதுமலையில் மாலை சஃபாரி போனேன். எடுத்த எல்லாம் கலங்கல்.
– வாசகி, ஈரோடு

ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்றப் பயந்திருப்பீர்கள். 3200, 6400 போங்கள். மணல் தூவினாற்போல் இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், கலங்கியதை ஒன்றும் செய்ய முடியாது. நிற்கும் விலங்குக்கு ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், ஓடினால் 1/1000 வேண்டும். ஓட்டுநர் அண்ணனிடம் இன்ஜினை அணைக்க முடியுமா என்று கேளுங்கள், வண்டியின் நடுக்கம்தான் பாதிக் கலக்கம். இன்னொன்று, இலை வழியாக ஒழுகும் வெயிலில் புள்ளிமானை எடுக்காதீர்கள். புள்ளி மேல் புள்ளி விழுந்து எது மான், எது வெயில் என்றே தெரியாது. முழு நிழலுக்கு அது நகரும்வரை காத்திருங்கள்.

வால்பாறையில் பிஸ்கட் நீட்டினால் சிங்கவால் குரங்கு பக்கத்திலேயே வருகிறது. நல்ல குளோசப் கிடைக்கிறது. தப்பா?
– வாசகர், பொள்ளாச்சி

தப்பு. ரோட்டில் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது. படமும் நன்றாக வராது, அது உங்களைப் பார்ப்பதில்லை, பிஸ்கட்டைப் பார்க்கிறது. மேகமூட்டமான நாளில் போங்கள். கறுத்த முகமும் வெளிறிய பிடரியும் வெயிலில் ஒன்றுக்கொன்று சண்டை போடும், மேகத்தில் சமாதானமாகிவிடும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.
– மாணவி, திருநெல்வேலி

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே? விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், ஒற்றைப் பறவையை மறந்துவிடுங்கள். சாயங்காலம் கூட்டம் அடையத் திரும்பும் நேரம், வானத்தின் வெளிச்சமான இடத்தைத் திரையில் தொட்டு எக்ஸ்போஷரைக் கீழே இழுங்கள். மரம், நாரைகள் எல்லாம் கறுப்பாகிவிடும், வானம் மட்டும் நிறத்தோடு நிற்கும். எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.