ஈயம் பூசுகிற வேலை

கேள்வி: நீதிபதிகளுக்கும் புத்தாக்கப் பயிற்சி நடக்கிறதாமே! சட்டம் தெரியாமலா நாற்காலியில் உட்கார்ந்தார்கள்?
– வாசகர், திருவாரூர்

பதில்: 'புத்தாக்கம்' என்று பெயர் வைத்த புண்ணியவான் பித்தளைப் பாத்திரத்தைப் பார்த்ததில்லை போலும். பழசு புதுசாகாது. உள்ளே ஈயம் தேயும்; தேய்ந்த இடத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும்; மறுபடி பூச வேண்டும். அதற்கு முன் களிம்பைச் சுரண்டி, தணலில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, பஞ்சால் இழுக்க வேண்டும். சுரண்டாமல் பூசினால் ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடும். 'ஈயம் பூசும் வகுப்பு' என்றிருந்தால் நீங்கள் கோபப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

2024 ஜூலை 1 முதல் தண்டனை, குற்ற விசாரணை முறை, சாட்சியம் ஆகிய மூன்று சட்டங்கள் மாறின. கொலைக்கு 302-ஆம் பிரிவு போய் 103 வந்ததை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்தால் போதும். நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் போபால் அகாடமி வரை போக வேண்டாம். சுரண்ட வேண்டியது பழக்கத்தை. மின்னணு ஆவணம் வந்தால் வாய் '65பி' என்கிறது. அது பழைய சாட்சியச் சட்டப் பிரிவு; அதற்கான சான்றிதழைக் கேட்பது இப்போது 63(4). சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்று தாக்கல் செய்பவருக்கு, மற்றது நிபுணருக்கு. கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். நிபுணர் பகுதி வெறுமையாக இருக்கிறதா என்பதை, ஆவணத்தைச் சான்றாவணமாக ஏற்று எண் இட்டுக் குறியீடு செய்யும் அன்றே பார்க்க வேண்டும், தீர்ப்பு எழுதும் ராத்திரியில் அல்ல.

சாட்சியத்தில் தமக்கு எதிராக வந்ததைப் பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேட்கும் பிரிவு, பழைய 313, இன்றைய 351, இன்னும் மோசம். "அரசு சாட்சிகள் 1 முதல் 14 வரை உமக்கு எதிராகச் சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறீர்?" "பொய்." முடிந்தது கதை! கத்தி எடுத்தது ஒரு கேள்வி, அதிலிருந்த ரத்தம் ஒரு கேள்வி, சம்பவ இடத்தில் பார்த்தது ஒரு கேள்வி. கேட்காத சங்கதியைப் பொதுவாக எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராகப் பயன்படுத்த முடியாது. மேல்முறையீட்டில் வழக்கு இதே கட்டத்துக்குத் திரும்பி வரவும் கூடும். கேள்வி தயாரிக்க இரு தரப்பு வக்கீல்களின் உதவியையும் கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கேட்டால் கௌரவம் குறையுமோ?

நாற்காலி விஷயம்: மூன்று வருஷ வக்கீல் தொழில், பிறகு குறைந்தது ஒரு வருஷப் பயிற்சி, அப்புறம்தான் நீதிமன்றம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20-இல் சொல்லிவிட்டது.

எனக்கும் 'மேற்படி'க்கும் உள்ள பகை ஊரறிந்தது. "மேற்படி எதிரி மேற்படி இடத்தில் மேற்படி நபரை மேற்படி கத்தியால்..." இப்படி ஒரு பத்தியைக் கொடுத்து, 'மேற்படி'களை எல்லாம் அடித்துவிட்டு, யார் யாரைக் குத்தினார் என்று எழுதச் சொல்லட்டும். அரை நாள் வகுப்பு போதும். மதிய உணவு உண்டு.