பாறை மேல பூத்த அந்த சின்னப் பூ என்ன பூ? கேள்வி பதில்

மழை விட்டு ரெண்டு வாரம் ஆச்சுன்னா போதும், எனக்கு வர்ற போட்டோ எல்லாம் ஒரே சாயல்ல இருக்கும். கருப்பா ஒரு பாறை, பாறைப் பள்ளத்துல ஒரு கை அளவு மணல், அந்த மணல்ல விரல் நகத்தை விட சின்னதா ஒரு பூ, கீழ "இது என்ன பூ மேடம்"னு ஒரு வரி. எனக்கு இந்தப் பூக்கள்னா உயிர், 20 வருஷத்துக்கு மேல இதுங்க பின்னாடியே மலை ஏறிட்டு இருக்கேன், அதனால எல்லாருக்கும் பதில் எழுதணும்னு தான் ஆசை. ஆனா பாதி போட்டோல பூவோட முகம் மட்டும் தான் இருக்கு, அதை வச்சு குடும்பம் சொல்லலாம், பேர் சொல்ல முடியாது. இந்தத் தடவை பெரும்பாலும் ஒரே ஒரு மழைக்காலம் மட்டும் வாழ்ந்து முடிக்கிற செடிகளைப் பத்தின கேள்விகளா எடுத்திருக்கேன்.

கேள்வி: கொல்லிமலையில ஒரு வழுக்குப்பாறை மேல நீலமா மூணு இதழ் பூ பாத்தேன். காலையில நூத்துக்கணக்குல இருந்துச்சு, மதியம் அதே வழியா இறங்குறப்ப ஒண்ணு கூட இல்ல. ஆப்ல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் வருது. எதை நம்ப?

பதில்: காலையில விரிஞ்சு மதியம் காணாம போறதே பெரிய அடையாளம் தாங்க. மூணு இதழ், நீலம், அரை நாள் ஆயுசு, இது கானாவாழை குடும்பம். நம்ம தோட்டத்து வரப்புல வளருமே, கீரையா கூட சமைப்பாங்களே, அதே கானாவாழையோட சொந்தக்காரங்க. இந்தக் குடும்பத்துப் பூ இதழ் உதிராது, அப்படியே கூழா கரைஞ்சிடும். நான் படிக்கிற காலத்துல ஒரு நாள் முழுக்க ஏற்காட்டுப் பாறைகள்ல திரிஞ்சு இதுல ஏழெட்டு செடி எடுத்து பேப்பர் நடுவுல அழுத்தி வச்சேன், மறுநாள் திறந்து பாத்தா பூ இருந்த இடத்துல எல்லாம் ஊதா மை சிந்தின மாதிரி கறை தான் இருந்துச்சு. அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் தான் இந்தப் பூவை நிக்கிற இடத்துலயே உக்காந்து பாத்து முடிச்சிடணும்னு கத்துக்கிட்டேன்.

இப்ப உங்க பூவுக்கு வருவோம். பூவுக்குக் கீழ இலை ஒண்ணு படகு மாதிரி மடிஞ்சு அதுக்குள்ள இருந்து பூ எட்டிப் பாக்குதா? ரெண்டு இதழ் பெருசு, ஒண்ணு சின்னதா வெளிறி இருக்கா? அப்ப அது கமலைனா, அதாவது கானாவாழையே தான். படகு இல்ல, மூணு இதழும் ஒரே அளவு, மெல்லிசான காம்புல தனியா நிக்குதுன்னா மர்டேனியா. இதழ் இடைப்பகுதியில ஒண்ணு சேந்து குழல் மாதிரி இருந்து, நடுவுல மகரந்தக் காம்புகள்ல பஞ்சு மாதிரி முடி இருந்தா சயனோட்டிஸ். அந்த முடியை அவசியம் லென்ஸ் வச்சு பாருங்க, பத்து மடங்கு பெருசாக்குற ஹேண்ட் லென்ஸ் போதும், பாறை மேல குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிட்டு பாத்தீங்கன்னா ஒவ்வொரு முடியும் நீலக் கண்ணாடி மணி கோத்த மாலை மாதிரி தெரியும், அதைப் பாத்தவங்க யாரும் அப்புறம் இந்தப் பூவை மறந்து நான் பாத்ததில்ல.

இன்னொண்ணும் எண்ணணும். சயனோட்டிஸ்ல ஆறு மகரந்தத் தாளும் வேலை செய்யும், மத்த ரெண்டுலயும் மூணு தான் மகரந்தம் குடுக்கும், மிச்சம் சும்மா கண் காட்டுறதுக்கு. பாறை மேல நிக்கிறதுல பெரும்பாலும் சயனோட்டிஸ் தான் இருக்கும். இலை எல்லாம் ஒட்டடை படிஞ்ச மாதிரி வெள்ளை நூலாம்படையா இருந்தா சயனோட்டிஸ் அரக்னாய்டியாவா இருக்கலாம், பூங்கொத்துல அரிவாள் மாதிரி வளைஞ்ச செதில்கள் ரெண்டு வரிசையா அடுக்கி இருந்தா சயனோட்டிஸ் கிரிஸ்டேட்டா. உங்க போட்டோ நேர் மேல இருந்து எடுத்தது, அதுல படகும் தெரியல, காம்பும் தெரியல, ஆப் தடுமாறுறதுல ஆச்சரியமே இல்ல. காலைல 10 மணிக்குள்ள போயி பக்கவாட்டுல ஒண்ணு எடுத்து அனுப்புங்க.

கேள்வி: ஜவ்வாது மலை பக்கம் பாறை ஓரம் ஈர மணல்ல சிவப்பா சின்ன செடி, இலை பூரா பனித்துளி, உச்சி வெயில்லயும் காயல. தொட்டா ஒட்டுது. இது விஷச் செடியா?

பதில்: விஷம் எல்லாம் இல்லங்க. அது டிரோசீரா, ஸ்கூல் புக்ல பூச்சி தின்னும் தாவரம்னு படிச்சிருப்பீங்களே அது தான். அழுகண்ணின்னு ஒரு பேர் நம்ம பக்கம் உண்டு, ஆனா அதே பேரை வேற செடிக்கும் சொல்றாங்க, அதனால பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. நீங்க பாத்த துளி பனி இல்ல, இலை முடியோட நுனியில செடியே சுரக்கிற பசை, அதனால தான் வெயில்ல காயல.

நம்ம மலைகள்ல மூணு டிரோசீராவைத் தான் அதிகமா பாக்கலாம். தரையோட தரையா ஒட்டி, காசு மாதிரி வட்டமா இலை அடுக்கி, நடுவுல இருந்து ஒரு தண்டு மட்டும் நேரா எழும்பி வெள்ளைப் பூ பூத்தா டிரோசீரா பர்மானி. இதோட ஓரத்து முடிகள் இருக்கே, பூச்சி பட்டா சில செகண்ட்லயே மடங்கி உள்ள தள்ளிடும், டிரோசீரா இனத்துலயே வேகமானதுல இதுவும் ஒண்ணு. தரையில வட்டம் இல்லாம தண்டு நிமிந்து, அதுல இலை எல்லாம் நூல் மாதிரி நீளமா, இளசு இலை நுனி சுருண்டு இருந்து, பூ ரோஸ் கலர்ல இருந்தா டிரோசீரா இண்டிகா. இந்த ரெண்டும் ஒரே வருஷத்துச் செடி. மூணாவது பெல்டேட்டா, அது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உசரத்துல புல்வெளியில இருக்கும், தாமரை இலைக்குக் காம்பு இலை நடுவுல சேருதே அந்த மாதிரி சேரும், அடியில கிழங்கு இருக்கும், அதனால செடி காஞ்சாலும் அடுத்த மழைக்கு அதே கிழங்குல இருந்து திரும்ப வரும். நீங்க சொன்ன இடத்துக்கு முதல் ரெண்டுல ஒண்ணு தான், தரையில வட்டம் இருந்துச்சான்னு மட்டும் யோசிச்சு சொல்லுங்க.

ஏன் பூச்சி தின்னணும்னும் கேட்டிருந்தீங்க. பாறை தேஞ்சு வர்ற மணல்ல சத்தே கிடையாது, இருக்குற கொஞ்சத்தையும் ஓடுற தண்ணி அலசிட்டுப் போயிடும். நைட்ரஜன் வேணும்னா வேற வழி பாத்தாகணும், இந்தச் செடி பூச்சியைப் பிடிச்சுக்கிச்சு. டார்வின் 1875ல பூச்சி தின்னும் செடிகளுக்குன்னே தனியா ஒரு புத்தகம் போட்டாரு, அதுல பெரும்பகுதி டிரோசீராவைப் பத்தி தான்.

கேள்வி: இலையே இல்லாத ஊதாப் பூ உண்டா? வால்பாறை போற வழியில தண்ணி கசியுற பாறையில நூல் மாதிரி தண்டு, உச்சியில பூ, அவ்வளவு தான், இலை தேடித் தேடி பாத்தாச்சு.

பதில்: உண்டு, யூட்ரிகுலேரியா. இலை இருந்திருக்கும், ஆனா இந்த இனத்துல பலதுக்கு பூக்குற நேரத்துல இலை வாடிப் போயிடும், இருக்குறதும் பாசிக்குள்ள மறைஞ்சுடும். வேரும் கிடையாது. அந்த ஈர மண்ணுக்குள்ள கடுகை விட சின்னதா பைகள் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு பொறி. பை தனக்குள்ள இருக்குற தண்ணியை வெளிய தள்ளிட்டு ஒட்டிப்போயி காத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது வாசல்ல இருக்குற முடியை இடிச்சா கதவு திறந்து தண்ணியோட சேத்து உள்ள உறிஞ்சிடும், இதெல்லாம் ஒரு செகண்டை ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு கூட ஆகாது!

அடையாளத்துக்கு பூவோட பின்பக்கம் பாருங்க. பச்சைப் புல்லிவட்டம் ரெண்டே மடலா இருந்து, கீழ் உதட்டுக்கு அடியில கூரா ஒரு வால் நீட்டிட்டு இருந்தா சந்தேகமே வேணாம். அஞ்சு பல் மாதிரி இருந்தா அது லிண்டர்னியான்னு வேற ஒரு செடிக் கூட்டத்துப் பக்கம் போகும். பாசி படிஞ்ச செங்குத்துப் பாறையில, பூ விசிறி மாதிரி விரிஞ்சு நடுவுல மஞ்சப் பொட்டு இருந்துச்சுன்னா யூட்ரிகுலேரியா ஸ்ட்ரையாட்டுலாவா இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மலையில நீலமா சின்னதா அஞ்சு இதழ் பூ பறிச்சோம், விஷ்ணுகிராந்தின்னு பக்கத்துல இருந்தவர் சொன்னாரு. கசாயம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க. போட்டோல இருக்குறதுக்கு இலை எதிரெதிரா இருக்கு, விஷ்ணுகிராந்திக்கு இலை மாறி மாறி வரும், பட்டு மாதிரி முடி இருக்கும், பூவும் தனித்தனி இதழ் இல்லாம தட்டு மாதிரி ஒண்ணா இருக்கும். நீலப்பூ எல்லாம் விஷ்ணுகிராந்தி ஆகாது. போட்டோ பாத்து அடையாளம் சொன்ன எந்தச் செடியையும், நானே சொல்லி இருந்தாலும் சரி, வாயில வைக்கவே வைக்காதீங்க.

கேள்வி: காசித்தும்பை மாதிரியே இருக்கு, ஆனா அரை அடி கூட உயரம் இல்ல, பாறை இடுக்குல ரோஸ் கலர். எந்தக் காசித்தும்பை?

பதில்: இனம் அதே இம்பேஷன்ஸ் தான், பழுத்த காயை லேசா தொட்டாலே வெடிச்சு விதை தெறிச்சிருக்கும், பாத்திருப்பீங்க. ஆனா "எந்த" அப்படிங்கிறதுக்கு இப்ப பதில் சொன்னா நான் பொய் சொன்னதா ஆகும். இந்தியாவுல மட்டும் 200க்கு மேல இம்பேஷன்ஸ் இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில பலது ஒரே ஒரு மலையை விட்டு வெளிய வராதது. முன்னாடி இருந்து பாத்தா எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், பக்கவாட்டுல பூவுக்குப் பின்னாடி தேன் வச்சிருக்குற வால் எவ்வளவு நீளம், நேரா இருக்கா வளைஞ்சிருக்கா, அது தான் பிரிச்சுக் காட்டும். அப்புறம் இலை எதிரெதிரா, மாறி மாறியா, இல்ல எல்லாம் தரையில இருந்தே வருதா. தரையில இருந்தே ஒண்ணு ரெண்டு இலை மட்டும் வந்து பூத்தண்டு தனியா நின்னா அது கிழங்கு வச்ச வகை, ஒரு வருஷச் செடி இல்ல. ஒரு பேனா மூடியை பக்கத்துல வச்சு, முன்னாடி, பக்கம், இலை, முழுச் செடி, செடி நிக்கிற இடம், இப்படி அஞ்சு போட்டோ அனுப்புங்க, முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன்.

கேள்வி: வேரோட மணலையும் சேத்து எடுத்துட்டு வந்து தொட்டியில வச்சா வளருமா?

பதில்: வளராது, தயவு செஞ்சு எடுக்காதீங்க. சரணாலயம், ரிசர்வ் ஃபாரஸ்ட்ல செடி பிடுங்குறது சட்டப்படி குத்தம், அதை விடுங்க, காரணத்தைக் கேளுங்க. ஏப்ரல்ல அந்தப் பாறையில செருப்பு இல்லாம நிக்க முடியாது, அந்தச் சூட்டைத் தாண்டுறதுக்கு இந்தச் செடி கண்டுபிடிச்ச ஒரே வழி, மழைக்கு முளைச்சு, சட்டுன்னு பூத்து, விதையைப் போட்டுட்டு செத்துப்போறது. அடுத்த வருஷத்துக்கு அடியில கிழங்கோ வேரோ எதுவும் காத்திருக்காது, இந்த வருஷத்து விதை தான் எல்லாம். பூக்குறப்ப பிடுங்கினா அந்தச் செடியோட விதை மொத்தமும் போச்சு. அந்த ஒரு கை மணலும் சேந்து தேஞ்சு வர்றதுக்கு எத்தனை மழை ஆகி இருக்கும்னு பாருங்க, அதைக் கரண்டியால அள்ளிட்டுப் போறதைப் பாக்க எனக்கு வயிறு எரியுது. பாறை மேல நடக்குறப்ப கூட ஈரமா இருக்குற மணல் திட்டை மிதிக்காம வெறும் பாறையில கால் வைங்க.

கேள்வி: போட்டோ சரியா வரல, வரைஞ்சு அனுப்பலாமா?

பதில்: தாராளமா, சொல்லப்போனா எனக்கு அது தான் பிடிக்கும். வரையுறவங்க எண்ணியே ஆகணும், இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனைன்னு. 1838ல இருந்து 1853 வரைக்கும் ராபர்ட் வைட் மெட்ராஸ்ல வெளியிட்ட செடிப் படங்களுக்கு ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு நம்ம ஊர் ஓவியர்கள் வரைஞ்சாங்க, மேல முழுச் செடி, கீழ பூவைப் பிரிச்சு ஒவ்வொரு உறுப்பும் தனியா. இன்னைக்கும் நான் ஒரு சந்தேகம்னா அந்தப் படங்களைத் தான் முதல்ல எடுத்துப் பாப்பேன்.

கேள்வி: வெள்ளையா நாலு இதழ், அரிசி மணி அளவு, ஏற்காட்டுல எங்க பாத்தாலும் இருக்கு.

பதில்: இலை எதிரெதிரா, ரெண்டு இலைக்கும் நடுவுல தண்டுல முடி மாதிரி நீட்டிட்டு இருக்குற சின்னச் செதில் இருந்தா ஓல்டன்லாண்டியா கூட்டம். அந்தக் காலத்துல துணிக்கு சிவப்பு ஏத்துன சாயவேர் இதுல ஒண்ணு தான், அது கடலோர மணல்லயும் வரும். உங்களோடது எதுன்னு காய் பாத்தா தான் தெரியும்.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. பூச்சியைத் தின்னுற செடிக்கு எந்தப் பூச்சி தைரியமா வந்து மகரந்தம் சேக்கும்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல.

பதில்: அருமையான கேள்வி, பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க. டிரோசீரா பர்மானில பொறி தரையில இருக்கு, பூ ஒரு சாண் தண்டோட உச்சியில இருக்கு, மேல வர்ற பூச்சிக்கு கீழ இருக்குற பசை எட்டாது. பூவும் வெயில் நேரத்துல கொஞ்ச நேரம் தான் விரியும், யாருமே வரலைன்னா மூடும்போது தன் மகரந்தத்தைத் தானே சூல்முடியில ஒட்டிக்கிட்டு விதை வச்சிடும். அடுத்த மழைக்கு மலைக்குப் போறப்ப பொண்ணு கையில ஒரு ஸ்கேல் குடுங்க, இலையில இருந்து பூ எத்தனை சென்டிமீட்டர்னு ஒரு பத்து செடி அளந்து, செடியைத் தொடாம, எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்க.