சிங்கப்பூரில் காற்று வாங்கிக்கொண்டே ஒரு நாள் மலை நடை போக எந்த இடம் நல்லது? எப்படித் தயாராவது?

எல்லாரும் புக்கிட் தீமா மலை என்றுதான் சொல்வார்கள். கண்டிப்பாகப் போங்கள், ஆனால் காற்றை நம்பி உச்சிக்குப் போகாதீர்கள். உயரம் 163.63 மீட்டர், உச்சியிலும் காடுதான் சூழ்ந்திருக்கிறது. சேராயா மரங்களின் தலை ஆடுவது தெரியும், சலசலப்புக் கேட்கும், கீழே நிற்பவரின் சட்டை மட்டும் நனைந்தபடியே இருக்கும். காற்றில் ஈரம் கூடுதல் என்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் சூடு இறங்காது. "சின்ன மலைதானே" என்று அரை லிட்டர் தண்ணீரோடு ஏறுபவர்கள் பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். மலைப்பாதையில் எதுவும் விற்பதில்லை.

நிஜமான காற்று எதிரே இருக்கும் ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவில் கிடைக்கும். 2022 நவம்பரில் திறந்தார்கள். அங்குள்ள 'கொலுகோ' என்ற காட்சி மேடை, பழைய கல் குவாரியின் விளிம்பில், கீழே உள்ள நீர்நிலைக்கு 31 மீட்டர் மேலே நிற்கிறது. முன்னால் மரம் மறைக்காததால் காற்று நேராக முகத்தில் படும். ஆகவே காலை 7 மணிக்குப் புக்கிட் தீமா, பிறகு பியூட்டி வோர்ல்ட் உணவங்காடியில் பசியாறல், பத்தரை பதினொன்றுக்கு மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று எழுவதும் முற்பகலுக்கு மேல்தான். இரண்டுக்குமே பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

மாதம் முக்கியம். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் சிறந்த காலம்: வடகிழக்குப் பருவத்தின் மழைப்பகுதி ஓய்ந்து, காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' காற்றைக் கவனியுங்கள். விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மழையில் ஊறிய கிளை கனத்திருக்கும்போது அந்த வேகம் சேர்ந்தால் முறியும். காற்று அடங்கிய பிறகும் விழும். அப்படி அடித்த காலையில் மலையை விட்டுவிடுங்கள். சாதாரண நாளிலும் பட்ட கிளைக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

பிற்பகல் இடியும் உண்டு, ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மிகுதி. மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். இடி கேட்டால் மேடையில் படம் எடுக்க நிற்க வேண்டாம், மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம்.

இறங்கும்போதுதான் அதிகம் சறுக்கும். தார் பாதை செங்குத்து, படிகளில் ஈர இலை ஒட்டிக்கிடக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஓட்டக் காலணியை விட, பழசானாலும் பள்ளம் பள்ளமாகப் பிடிப்புள்ள காலணி மேல்.

குரங்குகள் விஷயத்தில் ஒன்று: அவற்றுக்குப் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே சாப்பாடு என்று அர்த்தம். கையில் பை தொங்கினால், அதில் வெறும் துண்டு இருந்தாலும் பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் உணவு போடவே கூடாது, சட்டப்படி குற்றம்; பழகிவிட்ட குரங்கு அடுத்து வருபவர்மேல் பாயும்.

நீண்ட நடை வேண்டுமானால் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கப் பூங்கா. 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் இரண்டு குன்றுகளை இணைக்கிறது, மரத்தலைகளுக்கு மேலே காற்றும் உண்டு. ஏரிக்கரையிலிருந்து போய்த் திரும்பப் பத்து கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பாலம் ஒருவழி, பாதியில் திரும்ப முடியாது. மழை வந்தால் மூடுவார்கள். பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளிலும் மூடியிருக்கும், புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.