கேளுங்கள், சொல்கிறோம்: கோதுமையில் ஒரு சந்தகை

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது 'ஷ்ரெடட் வீட்' என்று ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே தேங்காய் நார் மாதிரி கட்டி கட்டியாக இருக்கிறது. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடணுமாம். இதை யார் கண்டுபிடித்தார்கள்? நிஜமாகவே முழு கோதுமைதானா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முழு கோதுமையேதான். பெட்டியின் பக்கவாட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும், பாருங்கள். இனிப்பு பூசாத சாதா வகை என்றால் கோதுமை மட்டும்தான், உப்புகூடக் கிடையாது.

ஒரு கட்டியை எடுத்து ஓரத்தில் மெதுவாகப் பிரித்தால் இழை இழையாக, அடுக்கடுக்காக வரும். எனக்கு இதைப் பார்த்ததும் நம்ம ஊர்ச் சந்தகைதான் ஞாபகம் வந்தது. நாம் அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிகிறோம். அங்கே அரைப்பதே இல்லை. கோதுமையை முழு மணியாகவே தண்ணீரில் வேகவைத்து, ஈரம் உள்ளே சீராகப் பரவும்வரை சில மணி நேரம் ஆறப்போட்டு, அப்புறம் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். ஒன்று வழவழப்பான உருளை, இன்னொன்றில் வரிவரியாகப் பள்ளம். பள்ளத்தில் சிக்கிய கோதுமை இழையாக வெளியே வரும். அதை அடுக்கி, குட்டித் தலையணை மாதிரி வெட்டி, மொறுமொறுவென்று சுட்டுவிடுவார்கள். சந்தகை மறுநாளுக்குத் தாங்காது, இது மாதக்கணக்கில் இருக்கும். நடுவில் சலிக்கிற வேலையே இல்லாததால் தவிடும் முளையும் அதிலேயே தங்கிவிடுகின்றன. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

கண்டுபிடித்தவர் ஹென்றி பெர்க்கி என்ற அமெரிக்கர். வக்கீலாக இருந்தவர். அஜீரணத்தால் அவதிப்பட்டவருக்கு வேகவைத்த கோதுமை ஒத்துக்கொண்டது, அதில் பிறந்த யோசனை என்பார்கள். வில்லியம் ஹென்றி ஃபோர்டு என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து மெஷினைச் செய்து, 1893-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். கெல்லாக் சகோதரர்கள் தானியத்தை அவல் மாதிரி தட்டையாக்கியது அதற்கு அடுத்த வருஷம்தான். பெர்க்கி முதலில் விற்க நினைத்தது மெஷினை, வீட்டுக்கு வீடு சந்தகை அச்சு இருக்கிற மாதிரி. ஆனால் ஜனங்கள் கேட்டதோ பண்டத்தை. 1901-ல் நயாகரா அருவிப் பக்கமே பெரிய தொழிற்சாலை வந்தது. பெட்டியில் ரொம்ப காலம் அருவிப் படம் இருந்தது அதனால்தான். 1906-ல் அவர் காலமானார். உங்கள் மகன் இருக்கும் லண்டனுக்கு வடக்கே, வெல்வின் கார்டன் சிட்டியில், 1926-ல் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள்.

அப்புறம் ஒரு வழக்கு. காப்புரிமைக் காலம் முடிந்ததும் கெல்லாக் கம்பெனியும் இதையே செய்து விற்க, அப்போது பெர்க்கியின் தொழிலை வாங்கியிருந்த நேஷனல் பிஸ்கட் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938-ல், 'ஷ்ரெடட் வீட்' என்பது பண்டத்தின் பொதுப்பெயர், தலையணை வடிவமும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. சந்தகை என்ற பெயருக்கு ஒரே ஒரு கடைக்காரர் உரிமை கொண்டாடினால் நாம் விடுவோமா?

கேள்வி: நம் மலையில் விளையும் சாமை, ராகியில் இப்படி முழு தானியமாகச் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: ராகியில் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ராகியின் மேல்தோல் பருப்போடு ஒட்டிக்கிடப்பதால் அதைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம், தோலோடுதான் அரைக்கிறோம். அந்த மாவைச் சலிக்காமல் பிழிந்தால் ராகி சேவையும் முழு தானியமே. சாமையில்தான் கவனம் வேண்டும். மேலே இருக்கும் உமியை எடுத்தே ஆகணும், ஆனால் மில்லில் அதிகம் தீட்டிவிட்டால் தவிடும் சேர்ந்து போய்விடும். வாங்கும்போது வெள்ளைவெளேரென்று இருப்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக இருக்கும் சாமையைக் கேட்டு வாங்குங்கள்.