ரோபோ முகாமுக்குப் பணம் கட்டும் முன் அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி வாட்ஸாப் குழுவில் ‘ரோபோட்டிக்ஸ், ஏஐ, ட்ரோன் கோடை முகாம்’ என்று ஓர் அறிவிப்பு வந்தது. தினமும் 2 மணி நேரம், 10 நாள். கட்டணம் 8,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி, கிட் 4,800 ரூபாய் தனி. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் 10 சதவீதம் தள்ளுபடியாம். சான்றிதழ் தருவார்களாம். நாளைக்குள் கட்டச் சொல்கிறார்கள். பள்ளியே அனுப்பியிருப்பதால் நம்பிக் கட்டலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நாளைக்குள் கட்டாதீர்கள். மகளை இந்த முகாமில் சேர்க்கவே வேண்டாம். மகனைச் சேர்ப்பதா இல்லையா என்பது, கீழே சொல்லும் கேள்விக்கு முகாம் நடத்துபவர் தரும் பதிலைப் பொறுத்தது.

இந்த மாதிரி முகாம்களில் பெரும்பாலும் செய்ய வைப்பது ஒரு சின்ன வண்டி. இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், ஒரு ஆர்டுயினோ போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஏற்றினால் அதன்படி மோட்டாரையும் சென்சாரையும் இயக்கும் சின்ன மின்னணு அட்டை), முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அந்த சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அது எதிரே இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று போர்டு கணக்குப் பார்க்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். சுவர் 20 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் வண்டி நின்று திரும்ப வேண்டும் என்று புரோகிராமில் எழுதியிருப்பார்கள். வண்டி சுவரில் மோதாமல் திரும்பும்போது பெற்றோர் கைதட்டுவார்கள். வீடியோ எடுத்து அடுத்த வருட விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: “முகாம் முடியும்போது என் பையன் அந்த 20-ஐ 40 என்று தானே மாற்றி, போர்டில் ஏற்றி, ஓட்டிக் காட்டுவானா?”

பல இடங்களில் இதற்கு நேரான பதில் வராது. புரோகிராமை முன்கூட்டியே போர்டில் ஏற்றிவைத்துவிட்டு, பிள்ளைகளை ஒயர் மட்டும் செருக வைப்பார்கள். சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே என்று படம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஓடாவிட்டால் பயிற்சியாளர் வந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் ஓடவில்லை என்று தேடுவதில்தான் படிப்பே இருக்கிறது. அதைப் பையன் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் மீதி இருப்பது பொம்மை வண்டிதான். அந்த எண்ணை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு, வண்டி எதற்காக நிற்கிறது என்பது தெரியும். 40-க்குப் பதில் 5 என்று போட்டால் பிரேக் பிடிப்பதற்குள் மோதிவிடும் என்பதையும் அவனே கண்டுபிடிப்பான். ஏஐ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. 20 மணி நேரத்தில் அந்த வண்டி ஒழுங்காகப் புரிந்தாலே பெரிய விஷயம்.

அடுத்து, ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் ‘20 பேர்தான் மேடம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பயன்படாத பதில். ஒரு கிட்டுக்கு 5 பேர் என்றால், 20 மணி நேரத்தில் உங்கள் மகன் கைக்கு 4 மணி நேரம்கூட வராது. துடிப்பான ஒரு பையன் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்வான். பெண் பிள்ளைகளும் கூச்சப்படும் பிள்ளைகளும் நோட்டில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதை நான் மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் நல்லது. மூன்று பேர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது கிட் விஷயத்துக்கு வருவோம். நான் மேலே சொன்ன வண்டியின் பாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் தனித்தனியாக வாங்கினால், ஆர்டுயினோ ஊனோவின் நகல் போர்டையும் சேர்த்து ஆயிரத்து சொச்சம் ரூபாயில் முடிந்துவிடும். ஆன்லைனிலும் ஏறக்குறைய அதே விலைதான். 4,800 ரூபாயில் மீதி, பளபளப்பான பெட்டிக்கும், அதில் அச்சடித்த பெயருக்கும், நடுவில் இருக்கும் ஏஜென்டுக்கும் போகும் பணம். கட்டணத்தோடு நிற்காமல் கிட்டிலும் சம்பாதிக்கும் அகாடமிகள் உண்டு. கிட் வாங்காவிட்டால் சேர்க்க மாட்டோம் என்றால் அந்த முகாமை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். கிட்டில் இருப்பவை எல்லாமே கடையில் தனியாகக் கிடைக்கிற சாதாரண பாகங்களாக இருந்து, விலையும் நியாயமாக இருந்தால் வாங்கலாம். சாதாரண பாகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போர்டில் உள்ள துளைகளில், பாகங்களை இணைக்கும் சாதாரண ஜம்பர் ஒயரைச் செருக முடிகிறதா, அல்லது அந்தக் கம்பெனியின் தனி பிளக்தான் பொருந்துமா என்று பாருங்கள். தனி பிளக் என்றால், ஒரு சென்சார் போனால் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அவர்கள் சொன்ன விலைக்கு. அதோடு, இதற்கு எந்த மென்பொருளில் புரோகிராம் எழுத வேண்டும் என்று கேளுங்கள். ஆர்டுயினோவின் சொந்த மென்பொருள் இலவசம். ஸ்க்ராட்ச் மாதிரி கட்டம் கட்டமாகச் சேர்க்கும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. எங்கள் செயலியில்தான் ஓடும், அதற்கு வருடச் சந்தா உண்டு என்றால், சந்தா முடிந்த அன்றே உங்கள் கிட் பரணுக்குப் போய்விடும். அடுத்தது பேட்டரி. வெறும் லித்தியம் செல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கிட் வேண்டவே வேண்டாம். இரண்டு முனையும் தவறித் தொட்டுவிட்டால் தீப்பிடிக்கும். டார்ச்சுக்குப் போடும் பென்சில் பேட்டரி போதும். அப்புறம், முகாம் முடிந்ததும் கிட் வீட்டுக்கு வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கிட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் முகாம்களும் இருக்கின்றன. இவ்வளவும் சரியாக இருந்து, நீங்களே பாகங்களைத் தேடித் தேடி வாங்க நேரமில்லை என்றால், ஓரிரு நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதில் தப்பில்லை.

சான்றிதழுக்காகச் சேர்க்காதீர்கள். எந்தப் பொறியியல் கல்லூரியும் ஏழாம் வகுப்பில் வாங்கிய முகாம் சான்றிதழைப் பார்த்து இடம் தருவதில்லை. ட்ரோன் பைலட் சான்றிதழ் என்று சொன்னால் அது பொய். ட்ரோன் ஓட்டுவதற்கான அரசுச் சான்றிதழ் 18 வயது ஆனவர்களுக்குத்தான், அதுவும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் மூலமாகத்தான். முகாமில் காட்டும் 250 கிராமுக்கு உட்பட்ட குட்டி ட்ரோனை விளையாட்டாகப் பறக்கவிட எந்த பைலட் சான்றிதழும் தேவையில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் இருப்பதால், ராக்கெட் படம் போட்டு ‘இஸ்ரோ’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ்கள் உங்கள் பக்கம் வந்தால் ஆச்சரியமில்லை. இஸ்ரோ மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா முகாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. 2019-ல் தொடங்கியது. சுமார் இரண்டு வாரம் அங்கேயே தங்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இஸ்ரோ செலவு. விண்ணப்பம் இஸ்ரோ இணையதளத்தில்தான், கட்டணம் இல்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர், அவ்வளவுதான். தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் அதற்கும் தனி மதிப்பெண் உண்டு. உங்கள் மகன் இந்த ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறான். 8,500 ரூபாய் முகாமைவிட இதைக் குறிவைப்பது நல்லது.

பள்ளியே அனுப்பியது என்கிறீர்கள். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பள்ளிகள் இடத்தைக் கொடுத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வாங்கிக்கொள்கின்றன. நான் முகாம் நடத்தக் கேட்டுப் போன ஒரு பள்ளியில், பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவீர்கள் என்பதற்கு முன்னால் எங்களுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். அந்தப் பங்கும் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது. பாடம் எடுப்பவர் யார் என்று கேளுங்கள். அகாடமியின் பெயர் பெரிதாக இருக்கும், வந்து நிற்பவர் மே மாதத்துக்காக மட்டும் பிடித்து வந்த கல்லூரி மாணவராக இருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல ஆர்வமுள்ள பிள்ளைகள் அவர்களில் உண்டு. ஆனால் அவரைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி தனி என்றால் 18 சதவீதம், அதாவது 1,530 ரூபாய். அதை வாங்குபவர் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தர வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டிவிடும். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். முகாம் நடக்காவிட்டால் பணம் எப்போது திரும்ப வரும் என்பதை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். இவ்வளவு தொகைக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் கட்டணம் கிடையாது.

இதையெல்லாம் பெற்றோர் தலையில் கட்டியிருப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். பிள்ளைகள் தாங்களே செய்து பழகப் பள்ளியிலேயே லேப் அமைக்கும், நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-ல் வந்தது. தேர்வான ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஆர்டுயினோ, சென்சார், 3டி பிரிண்டர் எல்லாம் அதில் அடக்கம். நாடு முழுக்க சுமார் 10,000 பள்ளிகளில் இது இருக்கிறது. நம் ஊர்களில் ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் இந்த லேப்களில் பலவும் பூட்டப்படுகின்றன. பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் ஒரே மாதம் மே மாதம், அந்த மாதத்தில் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருக்கும். ‘பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது, ஆடிட்டில் கேட்பார்கள்’ என்பார்கள். இதே 3டி பிரிண்டருக்குத் தெருவுக்கு அந்தப் பக்கம் தனியாரிடம் பெற்றோர் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். உங்கள் பகுதியில் எந்தப் பள்ளியில் இந்த லேப் இருக்கிறது என்று விசாரியுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய், மே மாதத்தில் திறந்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் நகரும். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்திலும், விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன நடத்துகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். மத்திய அரசின் நிறுவனம் அது.

அதுவரை மகன் வீட்டில் கம்ப்யூட்டரில் டிங்கர்கேட் தளத்தைத் திறந்து பார்க்கட்டும். இலவசம். ஆர்டுயினோவைத் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம், எதுவும் எரிந்துபோகாது. அதில் இரண்டு வாரம் உட்கார்ந்தானென்றால் ஆசை நிஜம், பாகங்களை வாங்கிக் கொடுங்கள். மூன்றாம் நாளே அலுத்துவிட்டால் பதினையாயிரம் ரூபாய் மிச்சம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு போர்டும் புரோகிராமும் சீக்கிரம். அவளுக்கு அர்விந்த் குப்தாவின் பொம்மைகள் இருக்கின்றன. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் இணையதளத்தில் செய்முறைகள் எல்லாம் இலவசம், தமிழிலும் உண்டு. முதலில் இந்த மோட்டாரைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பெரிய டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம். கம்பி மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் கிடைக்கும், தலைமுடி மாதிரி மெல்லியது வேண்டாம், தானே நிற்கும் அளவு தடிமன் வேண்டும். கம்பியைப் பேட்டரியின் மேலேயே பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரண்டு நுனியையும் எதிரெதிராக நீட்டிவிட வேண்டும். ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனையிலும் சைக்கிள் டியூப் பட்டையால் கட்டி, அவற்றின் துளையில் கம்பியின் நுனிகளை மாட்ட வேண்டும். அந்தக் கம்பிச் சுருளுக்குக் கீழே, பேட்டரியின் மேல் காந்தத்தை வைக்க வேண்டும்.

ஒரு நுனியில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், இன்னொரு நுனியில் கம்பியின் சுற்றில் ஒரு பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். பிளேடு வேண்டாம், உப்புத்தாள் போதும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் சுற்றாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அரைச் சுற்றுக்குப் பிறகு காந்தத்தின் தள்ளல் எதிர்ப்பக்கமாகிவிடும். பாதியில் மின்சாரம் நின்றால்தான் வந்த வேகத்திலேயே மீதிச் சுற்றும் சுற்றும். இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், முழுக்கச் சுரண்டி ஆடவிட்டுப் பார்க்கட்டும். சுருள் சுற்றாமல் நின்றுவிட்டால் உடனே கையால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அப்படியே விட்டால் கம்பியும் பேட்டரியும் சூடாகும்.