மதிலில் தொங்கும் பெறுபேறுகள்

கேள்வி: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் கொழும்பு காலி வீதியின் இருமருங்கும் பிள்ளைகளின் படங்களோடு பதாகைகள் தொங்குகின்றன. கல்வியைக் கடைச்சரக்காக வீதியில் காட்டும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததா? இதைத் தடைசெய்ய வேண்டாமா? (வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: கல்வியை ஊரறியக் காட்டும் வழக்கம் நம் முன்னோரிடம் தாராளமாகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்தில் ஒரு கொடி பறந்ததென்றால், வாதுக்கு அழைத்த நல்லாசிரியர்களும் தமக்கென ஒரு கொடி உயர்த்தியிருந்தார்கள் என்று சங்க நூலாகிய பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கொடியைக் கண்டு எவரும் உள்ளே சென்று ஆசிரியரை மடக்கலாம். தோற்றால் தலைகுனிவு ஊரார் முன்னிலையில் அவருக்கே. நூல் அரங்கேற்றமும் இத்தகையதே. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இன்றும் படித்துப் பயன் சொல்லப்படும் கந்தபுராணம் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அரங்கேறியபோது, முதற்பாட்டின் முதற்சொல்லாகிய 'திகடசக்கர'த்தின் (திகழ் + தசக்கரம்) சொற்புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று அவையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார் என்பதும், விதி காட்டப்படும்வரை அரங்கேற்றம் நின்றது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையே ஆனாலும், புலமை என்றால் கேள்விக்கு முன் நின்று காட்டவேண்டியது என்று அதைச் சொன்னவர்கள் நம்பினார்கள் என்பது உறுதி.

கல்லிலும் கல்வியைக் காட்டினார்கள். சோழன் முதலாம் இராசேந்திரன் காலத்து, எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு, அங்கிருந்த கல்லூரியில் 340 மாணவர்கள் படித்ததையும், அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அளக்கவேண்டிய நெல்லையும் கணக்காகச் சொல்கிறது. எந்த மாணவன் முதலாவது வந்தான் என்பது அங்கே இல்லை. ஊர் தன் கல்விக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டது என்பதே இருக்கிறது. அந்தக் கல்லூரி வேதம் ஓதும் ஆண்களுக்கே உரியது என்பதையும், பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில்கூடப் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் இடம் கிடைப்பது அரிது என்பதையும் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச நான் ஆயத்தமில்லை.

மாற்றம் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் நல்லூர் ஆறுமுகருக்கு 'நாவலர்' பட்டம் வழங்கியது அவர் பிரசங்கத்தைக் காதாரக் கேட்ட பின்னர்தான். அடுத்த பத்தாண்டுக்குள், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வெளிவந்தார்கள். இருவரும் பெரும் அறிஞர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்ற எழுத்துகள் நின்றால், பேச்சைக் கேளாதவரும் புலமையை ஒப்புக்கொள்ளும் காலம் அப்போது பிறந்துவிட்டது. இலங்கையில் 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் அமைந்ததை அடுத்து, அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கான பணம் பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைவதோடு பிணைக்கப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளை தேறினால்தான் பாடசாலைக்குக் காசு என்றான நாளிலேயே, ஆசிரியரின் கண் பிள்ளையின் முகத்தை விட்டுப் பெறுபேற்றுக்குத் திரும்பியது. காலி வீதிப் பதாகைக்கு மூதாதை அந்த ஏற்பாடுதான்.

ஆகவே, காட்டுவதில் எனக்குக் குறையில்லை. காட்டப்படும் பொருளில்தான் குறை. பத்து வயதுப் பிள்ளையின் கடவுச்சீட்டளவுப் படத்தைப் பெருப்பித்து, கீழே புள்ளியை இட்டு, அதைவிடப் பெரிய எழுத்தில் ரியூற்றரி என்னும் தனியார் வகுப்பின் தொலைபேசி இலக்கத்தை அச்சிட்டுத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கமுடியாது, கற்பித்தவரிடமும் கேட்கமுடியாது. அதே வகுப்பில் இருந்து வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை, மழையில் நனைந்து கிழியும்வரை அந்தப் பதாகையைத் தினமும் கடந்து பாடசாலைக்குப் போகிறது. அதன் தாய் கைபிடித்து வேகமாக நடத்திச் செல்வதை வெள்ளவத்தையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தடைச்சட்டம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் படத்தைக் கொடுக்க மறுத்துவிடுங்கள். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, இத்தனை பேர் தோற்றினர், இத்தனை பேர் சித்தியடைந்தனர், சித்தியடையாதோருக்கு இன்னின்ன செய்யப்போகிறோம் என்று மூன்று வரிகளை வாயில் மதிலில் எழுதிவைக்குமாறு அதிபரிடம் கேளுங்கள்.