ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கலாமா?

சகோதரி, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா ஏற்காட்டு வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், ஆனால் மனநல மாத்திரை இதயத்தைக் கெடுத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. அப்பாவுக்கு மனத்தெம்பு இல்லை என்று யாரும் பேச விடாதீர்கள்.

முதலில் அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். மனம் விட்டுப்போனவர்கள் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பிரிக்காமலே கிடந்தால் இன்றைக்கே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம்.

மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை மாரடைப்பு வந்தவர்களுக்கே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 2002-இல் முடிவு வெளியானது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைதான் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடியது. ஆனால் செர்ட்ராலின் ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதனால் கடையில் கேட்டு வாங்காதீர்கள், எல்லாச் சீட்டையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வர மறுத்தால், "தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வரலாம்ப்பா" என்று ஆரம்பியுங்கள், அதுவும் உண்மைதானே. மலையிறங்க முடியாத நாளில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.